கீரைக்கார அக்கா தங்கையும் என் புரோகிராமும்

அந்த நாட்களில் எங்கள் தெருவில் என்னை ‘வீடு குடுக்கிற பொண்ணு’ என்பார்கள். நான் யாருக்கும் ஒரு செங்கல்கூடக் கொடுத்ததில்லை. வீடு கேட்டு மனு போட்டவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மனு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களே இணையத்தில் பார்த்துக்கொள்ள வழி செய்வதுதான் என் வேலை. இந்த வித்தியாசத்தை அம்மாவுக்குப் பலமுறை விளக்கினேன். அம்மா தலையாட்டுவாள். மறுநாள் காலையில் பக்கத்துப் போர்ஷன்காரி ஒரு கிண்ணம் மீன்குழம்போடு வாசலில் நிற்பாள்.

“பாப்பா, நம்ம மனுவ கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சிடேன்.”

குழம்பை வாங்கிக்கொள்வோம். மனு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். மில் மூடியபின் ஒரு கடையில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு அறை போர்ஷனில் நாங்கள் நான்கு பேர். எனக்கு நினைவு தெரிந்து ஆறு வீடு மாறியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் பாத்திர மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியிலோ மினி லாரியிலோ போனது ஞாபகம் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, இந்த வேலை வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

எங்கள் கம்பெனி புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் ஒரு மாடியறை. முதலாளியையும் சேர்த்து மூன்றே பேர். வீட்டு மனுக்களைக் கவனிக்கும் அலுவலகத்தின் வேலை கிடைத்ததும் முதலாளி, “நீயே அங்க போய் உக்காந்துடு. அவங்க பக்கத்துலயே இருந்தாதான் இது நடக்கும்” என்றார். ஆறு மாதம் என்று போனவள் நான்கு வருடம் அங்கேயே இருந்தேன்.

பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம் அது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்றாலும் தலை இடிக்காத கதவுகள். பதிவேட்டு அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மூலையைக் கொடுத்தார்கள். அங்கே மேசைக்கு அடியில் சர்வரை வைத்தேன். சர்வர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண கம்ப்யூட்டரைவிடக் கொஞ்சம் பருமனான ஒரு பெட்டி. அதற்குள்தான் எல்லா மனுக்களும் இருக்கும். யார் எங்கிருந்து மனு எண்ணைக் கேட்டாலும் அதுதான் பதில் சொல்லும். கடல் இரண்டு தெரு தள்ளி இருந்ததால் உப்புக்காற்று அந்தப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிடும். மாதம் ஒருமுறை எதுவும் சொல்லாமல் நின்றுபோகும். திறந்து, மெமரி கார்டை உருவி, அதன் பித்தளைப் பற்களில் படிந்த பச்சையை அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் மறுபடி உயிர் வரும்.

முதல் தடவை அதைப் பார்த்த மேடம், “இன்னாம்மா இது, கம்ப்யூட்டருக்கும் அழிரப்பரா?” என்று சிரித்துவிட்டார்.

மேடம் என்று நான் சொல்வது மனுப் பிரிவின் எழுத்தரை. நாற்பதைத் தாண்டியவர். மொபெட்டில் வருவார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பதிவேட்டைத் திறப்பார். என் பெட்டிமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. என்மேல் மட்டும் எப்படியோ பிரியம் வந்துவிட்டது. மதியம் அவர் டப்பாவில் பாதி எனக்கு. அதற்குப் பதிலாக என் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, “உங்கம்மா உப்ப கொறச்சிப் போடறாங்க” என்று தினமும் குறை சொல்வார்.

மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே பல மாதம் ஆனது. ஏற்றியபின்தான் சிக்கல் தெரிந்தது. இந்த ஊரில் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக இருக்கும். பழைய சான்றிதழில் பிரெஞ்சு முறைப்படி ‘உ’ சத்தத்துக்கு ou என்று இரண்டு எழுத்து; ரேஷன் கார்டில் அதே பெயர் u என்று ஒரு எழுத்தோடு; வாக்காளர் அட்டையில் இரண்டும் இல்லாமல் வேறு ஏதோ. இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், மூன்றாமவர் போடவே மாட்டார். வீடு கிடைக்காதவர்கள் ஒவ்வொரு முறை அறிவிப்பு வரும்போதும் புதிதாக மனு போட்டிருந்தார்கள். ஆக, ஒரு ஆள் என் டேபிளில், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருந்த மனுப் பட்டியலில், மூன்று ஆளாக நின்றார்.

“ஒருத்தருக்கு ஒரு மனுதான். ரெட்டிப்பா இருக்கறத எல்லாம் எடுத்துடுங்க” என்றார் மனுப் பிரிவின் அதிகாரி.

அப்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்த சமயம். ஊர் பெயரை ஆங்கிலத்திலும் புதுச்சேரி என்றே எழுத வேண்டும் என்று மாற்றியிருந்தார்கள். நான் ஒரே ஒரு வரி எழுதி, என்டர் தட்டி, அத்தனை முகவரிகளையும் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றிவிட்டேன். மேடம் வாயைப் பிளந்தார். “எங்களுக்கு ரப்பர் ஸ்டாம்ப் மாத்தறதுக்கே இன்னும் ஆர்டர் வரல.” அந்தப் பாராட்டு என்னைக் கெடுத்தது.

இரட்டிப்பைப் பிடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். இனிஷியலைக் கணக்கில் எடுக்காதே. எழுத்து மாறியிருந்தாலும் சத்தம் ஒன்றானால் ஒரே பெயராக நினை. பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், பிறந்த தேதி, முகவரி நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள். ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடு. ஒரு மதியவேளையில் ஓட விட்டேன். சில நூறு மனுக்கள் மறைந்தன. அதிகாரி சமோசா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரமே இணையதளத்தைத் திறந்துவிட்டோம். ஊரெல்லாம் பிரௌசிங் சென்டர்கள் இருந்த காலம். மனுச்சீட்டோடு அங்கே போய் எண்ணைச் சொன்னால் போதும், அலுவலகத்துக்கு அலைய வேண்டாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கூட்டம் குறைந்தது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நேராக எங்கள் அறைக்கு வந்தாள். முந்தானை ஓரம் ஈரம். பச்சைக்கீரை வாசனை. பெரிய மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டு அப்படியே வந்திருந்தாள். மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து நான்காக மடித்த மனுச்சீட்டை எடுத்து மேடத்தின் முன்னால் விரித்தாள்.

“எங்க அக்கா பேரு இருக்குதாம். எம்பேரு இல்லியாம். நெட்டு கடக்காரர் சொல்றாரு.”

மேடம் எண்ணை என்னிடம் சொன்னார். தட்டிப் பார்த்தேன். பதிவு இல்லை என்று வந்தது. இரட்டிப்பு என்று எடுக்கப்பட்ட எண்களின் அச்சுப் பட்டியலில் தேடினேன். இருந்தது.

“நீங்க ரெண்டு தடவ மனு போட்டிருக்கீங்கம்மா. அதனால ஒண்ண எடுத்தாச்சு. இன்னொண்ணு அப்படியே இருக்குது” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒரு தடவதான் போட்டேன்.”

“கம்ப்யூட்டர் தப்பா சொல்லாதும்மா.”

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். எந்தத் தயக்கமும் இல்லாமல், இருந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. “அந்த இன்னொண்ணு எங்க அக்காளுதும்மா” என்றாள். மேடம்தான் சமாதானமாக, “சரி, நாளைக்கு உங்க அக்காவ கூட்டிக்கினு வா. ரேஷன் கார்டும் எடுத்துக்கினு வா. பாக்கலாம்” என்று அனுப்பி வைத்தார்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கதவு வழியாக முந்தின நாள் வந்தவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் அவளே வந்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அதே நெற்றி, அதே ஒடுங்கிய கன்னம், வெற்றிலை போட்டுச் சிவந்த அதே உதடு. புடவை மட்டும் வேறு. முந்தின நாள் வந்தவளுக்கு மூக்குத்தி வலப்பக்கம், மற்றவளுக்கு இடப்பக்கம். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டீ கொண்டுவந்தவர் டம்ளரோடு அப்படியே நின்றார்.

“ரெட்டையா?” என்றார் மேடம்.

“ஆமா. குலசாமி பேர ரெண்டு பேருக்கும் வெச்சிட்டாங்க. அவ பெரியவ, நான் சின்னவ. அரமணி வித்தியாசம்” என்றாள் சின்னவள்.

மேடம் பதிவேட்டு அறைக்குப் போய் இரண்டு பேரின் மனுக்களையும் தேடி எடுத்து வந்தார். தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர்கள். விவசாயக் குடும்பம். பெரியவளின் கணவர் இறந்துவிட்டதால் அவளும் தகப்பன் பெயரையே போட்டிருந்தாள். சின்னவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இருவரும் உப்பளத்தில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். தகப்பன் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒன்று. மனுவை எழுதிக் கொடுத்தவர் கட்டத்தில் இடம் போதாமல், பெயருக்கு முன்னால் வரும் பெரிய, சின்ன என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, புள்ளி வைத்திருந்தார். என் புரோகிராம் அதை இனிஷியல் என்று நினைத்தது. இனிஷியலைப் பார்க்காதே என்று அதற்குச் சொல்லியிருந்தது நான்.

மேடம் என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல், “மிஷின்ல ஒரு கோளாறும்மா, சரி பண்ணிடலாம்” என்றார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“மிஷின் மேல தப்பு இல்லம்மா” என்றேன் சின்னவளிடம். “நான் சொன்னதத்தான் அது செஞ்சிது. தப்பு என்னுது. நேத்து உங்ககிட்ட அப்படிப் பேசினதும் தப்பு.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப சரி. மிஷினுன்னா நான் யார்ட்ட போய் சண்ட போடறது? நீன்னா பரவால்ல.”

பெரியவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எங்க அப்பாவுக்கே எங்கள அடையாளம் தெரியாது. அவ செஞ்ச தப்புக்கு என்னத்தான் அடிப்பாரு. நீ நேத்து வந்த பொண்ணு, உனக்கு எப்படித் தெரியும்?”

மேடம் கேட்டார்: “ஒரே வீட்ல இருக்கறீங்க. எதுக்கு ரெண்டு மனு?”

“அம்பது வருசமா ஒரே வீடு மேடம்” என்றாள் சின்னவள். “இவகூட சண்ட போட்டுட்டு கோச்சிக்கினு போறதுக்கு ஒரு எடம் வேணாமா? தெருமுன வரைக்கும் போயி திரும்பி வர வேண்டியதா இருக்குது.”

அவர்கள் போனபின் நான் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இவள் வந்து கேட்டாள், தெரிந்தது. கேட்க வராதவர்கள் எத்தனை பேர்?

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். இறுதிப் பட்டியலை ஒட்ட இன்னும் பத்து நாள்தான் இருந்தது. “அந்த ஒரு பேர மட்டும் கையால சேத்துடுங்க. வேற யாராவது வந்தா அப்போ பாப்போம்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தேதி முக்கியம்.

கூட வந்திருந்த மேடம் என்னோடு திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும், “எல்லாத்தையும் எடு. ஒண்ணொண்ணா பாத்துடலாம்” என்றார்.

அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சர்வரில் அந்த மனுக்கள் இல்லை. நான் ஓரமாக ஒதுக்கி வைக்கவில்லை, அடியோடு அழித்திருந்தேன். என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த எண் பட்டியல் மட்டும்தான். எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒன்று என்று நினைத்தேன், யார் பெயர், என்ன முகவரி, எதுவும் இல்லை. அழிப்பதற்கு முன்னால் காலையில் ஒரு சிடியில் எல்லாவற்றையும் நகல் எடுத்திருந்தேன். ஆனால் அந்த சிடியைக் காணோம். மேசை இழுப்பறைகளைக் கொட்டினேன். அலமாரிக்கு மேலே ஏறினேன். அப்பாவின் பழைய கைப்பை வரை தேடினேன்.

மூன்றாவது நாள் மதியம், கை கழுவிவிட்டு வந்த மேடம் தன் தண்ணீர் சொம்பின் மேலிருந்த வட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அது வெயிலில் ஏழு வண்ணமாக மின்னியது.

“மேடம், அது இன்னா?”

“எது? மூடி. உன் மேசமேல சும்மா கெடந்துதே.”

நான் அழுதுவிட்டேன். சிடியைக் கையில் வாங்கி என் துப்பட்டாவால் துடைத்தேன். மேடத்துக்கு விஷயம் புரிந்ததும் அவர் கண்ணிலும் தண்ணீர். “ஐயோ, நல்ல கனமா இருக்குதேன்னு எடுத்தேன்மா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கீழ்ப்பக்கம் முழுக்கக் கீறல். என் கம்ப்யூட்டர் அதைப் படிக்க மறுத்தது. மாலையில் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். முதலாளியின் கம்ப்யூட்டர், உறுமி உறுமி, முக்கால் மணி நேரம் எடுத்து, முழுசாகப் படித்தது.

அதன்பின் இருந்த ஏழு நாளும் நாங்கள் காகிதத்தில்தான் வாழ்ந்தோம். நான் அழித்த மனுவின் எண்ணைச் சொல்வேன். மேடம் கட்டை அவிழ்த்து அந்த மனுவையும் அதோடு ஒன்று என்று நான் முடிவு செய்த மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். புகைப்படம், கைரேகை, கையெழுத்து மூன்றையும் பார்ப்போம். பெரும்பாலும் அதே ஆள்தான். முதல் மனுவில் கறுப்பு முடி, மூன்றாவது மனுவில் நரை. சிலர் ஒவ்வொரு மனுவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்திருந்தார்கள். வீட்டுக்காகக் காத்திருக்கும்போதே வயதாகிவிட்ட முகங்கள். கம்ப்யூட்டர் டேபிளில் வரிசை வரிசையாகப் பார்த்தபோது அவர்களுக்கு முகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“இவரு முன்னல்லாம் மாசம் ஒருதபா வருவாரு” என்று மேடம் ஒரு படத்தைத் தடவுவார். “இப்ப வர்றதில்ல. இன்னா ஆச்சோ.”

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்ட, ஒரே பெயருள்ள இரண்டு மருமகள்களைக் கண்டுபிடித்தோம். அவர்கள் கணவன்மார் பெயரிலும் அதே பெரிய, சின்ன. பிறந்த தேதி தெரியாததால் இருவருக்கும் யாரோ ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டிருந்தார்கள். இப்படி, கீரைக்காரச் சின்னவளையும் சேர்த்து, பதினொரு பேர். ஒவ்வொருவரைக் கண்டுபிடித்தபோதும் மேடம் “இதோ இன்னொருத்தி!” என்று கூவுவார், காணாமல் போன பிள்ளை சந்தையில் கிடைத்த மாதிரி. பத்தாவது நாள் காலையில் பதினொரு பேரையும் சேர்த்தேன். அதிகாரி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பட்டியல் சொன்ன தேதியில் ஒட்டப்பட்டது.

அதற்குப் பிறகு நான் எதையும் அழிக்கவில்லை. சந்தேகம் என்று ஒரு குறி மட்டும் போடும்படி புரோகிராமை மாற்றினேன். குறி விழுந்த மனுக்களை மேடம் பார்த்து முடிவு சொல்வார். வாரம் ஒருமுறை அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால் மவுசைத் தட்டி, ‘வேறு ஆள்’, ‘அதே ஆள்’ என்று தீர்ப்பு வழங்குவார். அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

குலுக்கல் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம் என்று நான் சொன்னதற்கு, வந்திருந்த ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பானையில் சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கும் அதுவே நிம்மதி. கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்த ஒரு கர்ப்பிணியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். சின்னவளின் பெயர் வந்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை. பெரியவள்தான் அவள் முதுகில் ஒன்று வைத்து, “போடி, உன்னத்தான்” என்று தள்ளினாள். கடைசிச் சீட்டு வரை பெரியவளின் பெயர் வரவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். “இவ இல்லாம நான் மட்டும் அங்க போயி இன்னா பண்ணுவேன்?” பெரியவள் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். “சண்ட போட்டுக்கினு போறதுக்கு எடம் கேட்டா. கெடச்சிட்டா அழுவறா பாரு.”

சின்னவள் தனக்குக் கிடைத்த தரைத்தளத்து வீட்டுக்குக் குடிபோனாள். ஒன்றரை வருடம் கழித்து அடுத்த குலுக்கலில் பெரியவளுக்கும் வீடு கிடைத்தது. அதே குடியிருப்பு, பக்கத்து பிளாக். பால் காய்ச்ச எங்களை அழைத்திருந்தார்கள். மேடமும் நானும் மொபெட்டில் போனோம். பெரியவளுக்கு ஒதுக்கியது மூன்றாம் மாடி. மூச்சு வாங்க ஏறிப்போய்க் கதவைத் தட்டினால் திறந்தது வலப்பக்க மூக்குத்தி.

“அவ கீழ என் வீட்ல இருக்கறா” என்றாள் சின்னவள். “முட்டி வலி. இத்தன படி ஏறுவாளா? அதான் மாத்திக்கினோம்.” பிறகு மேடத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “தப்பா மேடம்?” என்றாள்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஒதுக்கீட்டை மாற்ற விதியில் இடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“பால் பொங்குது, மொதல்ல அத எறக்கு” என்றார் மேடம்.

மதியம் கீழ் வீட்டில் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளிக்குழம்பும் முளைக்கீரை மசியலும் வஞ்சிரம் வறுவலும். உப்பு சரியாக இருக்கிறது என்று மேடம் இரண்டாம் முறை சோறு வாங்கினார். பெரியவள் பரிமாறிக்கொண்டே, குழம்பில் புளி அதிகம் என்று தங்கையைத் திட்டினாள். தங்கை கோபித்துக்கொண்டு பக்கத்து பிளாக் மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மோர்ச் சொம்போடு இறங்கி வந்தாள்.

நான் அந்த வேலையை விட்டுப் போகும் நாள் வரை என் டேபிளில் பெரியவள் மூன்றாம் மாடியிலும் சின்னவள் தரைத்தளத்திலும்தான் இருந்தார்கள். மேடமும் நானும் அதைத் தொடவில்லை.